ஸ்டியரிங் சத்தமிட்டால் செலவுக்கு முன் செவி கொடுங்கள்

வணிகம் செய்யும் நமக்குச் சத்தத்தை வைத்துச் சரக்கை அறிவது புதிதல்ல. நிலக்கடலையைக் காதருகே குலுக்கிப் பார்த்தே காய்ச்சல் போதுமா, போதாதா என்று சொல்லிவிடும் பெரியவர்கள் நம் மண்டிகளில் உண்டு. தராசுத் தட்டு தொங்கும் சங்கிலி லேசாக மாறி ஒலித்தாலும் உடனே திரும்பிப் பார்க்கிறோம். ஆனால் அந்தச் சரக்கை நாள்தோறும் சுமந்து வரும் வண்டியின் ஸ்டியரிங், திருப்பும்போதெல்லாம் "டொக்" என்றோ "கிரீச்" என்றோ சத்தம் கொடுத்தால் மட்டும், "ஓடுகிறவரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறோம். நாங்களும் அப்படி விட்டவர்கள்தான். அதனால் பட்ட நஷ்டத்தையும், பிறகு கற்றுக்கொண்டதையும் நமது வணிகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எங்கள் கடைக்கு நேர்ந்தது

எங்கள் மளிகைக் கடைக்குச் சரக்கு ஏற்ற ஒரு பழைய வேன் இருந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது டிரைவர் வந்து, "முதலாளி, திருப்பும்போது டொக்குனு ஒரு சத்தம் வருது, பள்ளத்துல இறங்கினாலும் வருது" என்றார். "பண்டிகை முடியட்டும்ப்பா, பார்த்துக்கலாம்" என்றோம். ஒரு வாரம் கழித்து மறுபடியும் சொன்னார். அப்போதும் அதே பதிலைத்தான் சொன்னோம்.

பண்டிகை முடிந்ததும் வேனைப் பட்டறைக்கு அனுப்பினோம். "ஸ்டியரிங்கில் சத்தம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியது எங்கள் தவறு. ஸ்டியரிங் ரேக் முழுவதையும் மாற்றி, பெரிய பில்லைக் கொடுத்தார்கள். வண்டி வந்தது, சத்தம் போகவில்லை. "புதுச் சாமான், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார்கள். நம்பினோம்.

பத்து நாள் கழித்து, மண்டியிலிருந்து மூட்டைகளோடு திரும்பிய வேன், எங்கள் கடைத் தெருவுக்குள் திரும்பும்போது இடப்பக்கச் சக்கரம் மட்டும் தன் போக்கில் ஒடிந்தது போலத் திரும்பிக்கொண்டு, சாக்கடைத் திட்டில் மோதி நின்றது. சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையில் உள்ள மூட்டு கழன்றுவிட்டது. அதைத்தான் "டை ராடு எண்டு" என்கிறார்கள். ஆள் நடக்கும் வேகத்தில் வந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது பள்ளிப் பிள்ளைகள் போகும் தெரு. அரை மணி நேரம் முன்பு அதே வேன் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தது. இதை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

இழுத்துச் சென்ற வேனைப் பார்த்த வயதான மெக்கானிக் ஒருவர் விஷயத்தை விளக்கினார். புது ரேக்கில் பழைய டை ராடு எண்டையே மறுபடி மாட்டியிருக்கிறார்கள். தேய்ந்திருந்தது அந்த எண்டுதான். ரேக்கில் குறையே இருந்திருக்க வேண்டியதில்லை. எண்டின் விலை நாங்கள் ரேக்குக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவர் சொன்ன ஒரு வார்த்தையை நாங்கள் மறக்கவில்லை: "அண்ணாச்சி, சத்தம் எங்க கேக்குதுன்னு சொல்லாதீங்க. எப்ப கேக்குதுன்னு சொல்லுங்க."

இரும்பு வழியாகச் சத்தம் ஓடும். சக்கரத்துக்கு அருகே பிறக்கும் "டொக்" ஸ்டியரிங் கம்பம் வழியாக மேலே ஏறி, டிரைவரின் கைக்குள்ளேயே கேட்பது போலத் தோன்றும். ஆகவே இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் போனால் ஏமாறுவோம். நேரத்தை வைத்துப் பார்த்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

ஸ்டியரிங் வேலை செய்யும் விதம்

கையில் பிடிக்கும் வளையத்திலிருந்து ஒரு கம்பம் கீழே இறங்குகிறது. நடுவில் ஒன்றிரண்டு சிலுவை மூட்டுகள் உண்டு. கம்பத்தின் அடியில் உள்ள சிறு பல்சக்கரம், பற்கள் வெட்டிய நீளமான கம்பியை இடமும் வலமும் தள்ளுகிறது. இதுதான் ரேக். ரேக்கின் இரு முனையிலும் டை ராடு. அதன் முனையில் எண்டு. அது சக்கரத்தைத் திருப்புகிறது. பாரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் சக்கரத்தோடு சேரும் இடத்தில் பால் ஜாயிண்ட் இருக்கிறது. கார்களிலும் வேன்களிலும் முன் ஸ்பிரிங்கின் உச்சியில் ஒரு பேரிங்கும் இருக்கும். முன்புறம் முழு அச்சு உள்ள சரக்கு வண்டிகளில் பால் ஜாயிண்டுக்குப் பதில் கிங் பின் இருக்கும்.

பவர் ஸ்டியரிங் இருவகை. ஒன்று ஆயிலால் இயங்குவது. இதற்குப் பம்பும் பெல்ட்டும் உண்டு. மற்றொன்று மின்சார மோட்டாரால் இயங்குவது. இதில் ஆயிலே கிடையாது. இன்று விற்பனையாகும் பெரும்பாலான கார்களில் இருப்பது மின்சார வகைதான். உங்கள் வண்டி எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மின்சார ஸ்டியரிங்குக்கு ஆயில் மாற்றியதாக யாராவது பில் போட்டால் கேள்வி கேட்க இந்த அறிவு போதும்.

எப்போது கேட்கிறது?

1. வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடவில்லை, திருப்பினால் கேட்கிறது.

சாவியைப் பூட்டு நிலையிலிருந்து விடுவித்து, ஸ்டியரிங்கைச் சிறிது இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். உரசல் சத்தம் வளையத்துக்கு அடியிலேயே கேட்டால், பெரும்பாலும் கம்பத்தின் பிளாஸ்டிக் உறை உரசுகிறது. அழகுக்காக மாட்டிய ஸ்டியரிங் கவர் இண்டிகேட்டர் தண்டில் உரசுவதும் உண்டு. கவர் வழுக்கினால் உடனே கழற்றி எறியுங்கள். கையில் வழுக்கும் ஸ்டியரிங் ஆபத்து. கம்பம் தரையைத் துளைத்து இறங்கும் இடத்தில் உள்ள ரப்பர் காய்ந்துபோனாலும் "கீச்" என்று முனகும். அதற்குச் சிலிகான் ஸ்பிரே போதும். இன்ஜின் ஆயிலையோ கிரீஸையோ தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

ஏர்பேக் உள்ள கார்களில் வளையத்துக்குப் பின்னால் சுருள் கம்பி ஒன்று உண்டு. திருப்பும்போது காகிதம் கசங்குவது போலச் சத்தம் வந்து, ஹாரனும் விட்டுவிட்டு அடித்து, ஏர்பேக் விளக்கும் எரிந்தால் அந்தச் சுருளைச் சந்தேகிக்கலாம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயம். ஆகவே ஸ்டியரிங்கின் நடுமூடியைத் தெருவோரத்தில் யாரையும் கழற்ற விடாதீர்கள். அதற்குள் வெடிமருந்து வகைப் பொருள் இருக்கிறது. அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

2. வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது, திருப்பினால் கேட்கிறது.

ஆயில் வகைப் பவர் ஸ்டியரிங்கில் "ஊ...ம்" என்ற முனகல் கேட்டால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். டப்பாவில் இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். ஆயில் நுரைத்திருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. வண்டியின் கையேட்டில் சொன்ன ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் எல்லாம் கெட்டு, சிறு செலவு பெருஞ்செலவாகும். ஊற்றிய ஆயில் மறுபடியும் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலத்தான்.

காலையில் முதன்முறை கிளப்பித் திருப்பும்போது "கிரீ...ச்" என்று அலறினால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். இறுக்கினால் சரியாகலாம், வெடிப்பு விழுந்திருந்தால் மாற்ற வேண்டும்.

முன்புறத்திலிருந்து கம்பியை முறுக்கி விட்டது போல "டொய்ங்" என்று வந்தால் ஸ்பிரிங்கின் உச்சியில் உள்ள பேரிங்கைப் பாருங்கள். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, மற்றவர் ஸ்பிரிங் உச்சியின் மேல் கையை வைத்தால் உள்ளே தடுக்கித் தடுக்கித் திரும்புவது கையிலேயே தெரியும். விரல்களை ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையே விடக்கூடாது.

3. மெதுவாக ஓட்டித் திருப்பும்போது கேட்கிறது.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முழுக்கத் திருப்பி ஓட்டும்போது "டக் டக் டக்" என்று வேகத்துக்கேற்ப வந்தால், சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் அச்சின் வெளி மூட்டு தேய்ந்திருக்கிறது. அந்த மூட்டின் மேல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறி மண் புகுந்துவிடும். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருப்பதைக் கண்டவுடன், சத்தம் வருமுன்னே உறையையும் கிரீஸையும் மாற்றினால் மூட்டு பிழைக்கும். சத்தம் வந்த பிறகு மூட்டையே மாற்ற வேண்டும். பின்சக்கரம் இழுக்கும் சரக்கு வேன்களில் முன்புறம் இந்த மூட்டு இல்லை. அதைப் பின்சக்கர வண்டிக்கு மாற்றச் சொன்னால் எந்த மூட்டு என்று காட்டச் சொல்லுங்கள்.

லோடு ஏற்றினால் மட்டும் உரசல் கேட்டால் டயர் மட்கார்டின் உள்பூச்சில் படுகிறதா என்று பாருங்கள். டயரில் காற்றுக் குறைந்திருந்தாலும் ஸ்டியரிங் கனத்து, டயர் தரையில் தேய்ந்து சத்தமிடும். இதற்குச் செலவே இல்லை. காற்றைச் சரிபார்ப்பதும், அளவுக்கு மீறி ஏற்றாமல் இருப்பதும்தான் வைத்தியம்.

திடீரென்று தகரத்தைக் கீறுவது போலப் பெரும் சத்தம் கேட்டால் பயந்துவிட வேண்டாம். பிரேக் தட்டுக்கும் அதன் தகர மறைப்புக்கும் நடுவே ஒரு பொடிக்கல் மாட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

4. பள்ளத்திலும் வேகத்தடையிலும் "டொக்" என்கிறது.

எங்கள் வேனுக்கு வந்தது இதுதான். டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட், ரேக்கைப் பிடித்திருக்கும் புஷ், கம்பத்தின் சிலுவை மூட்டு, அதை இறுக்கும் போல்ட் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் ஆட்டம் இருக்கிறது என்று பொருள். இந்தச் சத்தத்தை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

5. நேராக வேகமாக ஓடும்போது முழங்குகிறது.

வேகம் கூடக் கூட முழக்கமும் கூடினால் சக்கர பேரிங்காகவோ, ஒழுங்கின்றித் தேய்ந்த டயராகவோ இருக்கும். வலப்புறம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அப்போது முழக்கம் கூடினால் இடப்பக்க பேரிங். இடப்புறம் வளையும்போது கூடினால் வலப்பக்க பேரிங் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

கடை வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை

இரண்டு பேர் போதும். சமதரையில் வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு விரல்கடை அளவு மட்டும் இடமும் வலமும் விரைவாக ஆட்ட வேண்டும். மற்றவர் வெளியே குனிந்து டை ராடு எண்டைப் பார்க்க வேண்டும். கம்பி அசைந்த பிறகு சற்றுத் தாமதித்துச் சக்கரம் அசைந்தால் அங்கே ஆட்டம் இருக்கிறது.

அடுத்து முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரும்புத் தாங்கி கொடுங்கள். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து, 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் டை ராடு பக்கம் குறை. 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் பால் ஜாயிண்ட், கிங் பின் அல்லது சக்கர பேரிங்கில் குறை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக்கூடாது. செங்கல்லும் தாங்கியாகாது, பாரத்தில் அது திடீரென நொறுங்கும்.

சட்டமும் ஒரு அளவு வைத்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதியின்படி, ஸ்டியரிங் வளையத்தில் வெற்று ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. கடிகாரத்தில் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு உள்ள தூரம்தான் 30 டிகிரி. ஸ்டியரிங் மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இது உச்ச வரம்பு என்பதை நினைவில் கொள்க. நல்ல வண்டியில் இவ்வளவு ஆட்டம் இருக்காது.

உடனே வண்டியை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

சத்தத்தோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்று சேர்ந்தாலும் லோடை இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போவதே புத்திசாலித்தனம். தேவையானால் இழுத்தே கொண்டு செல்லுங்கள்.

- வளையத்தில் வெற்று ஆட்டம் முன்பைவிடக் கூடியிருக்கிறது.
- நேர் சாலையில் வண்டி ஒரு பக்கம் அலைகிறது.
- திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராமல் சிக்குகிறது.
- பெரிய பள்ளத்தில் விழுந்த பிறகு புதிதாகச் சத்தம் வருகிறது, அல்லது வளையம் கோணலாக நிற்கிறது.
- பவர் ஸ்டியரிங் திடீரெனக் கனக்கிறது, அல்லது அதன் எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

மற்ற உரசலும் முனகலும் ஓரிரு நாள் பொறுக்கும். மேலே சொன்னவை பொறுக்காது.

பட்டறையில் பேச வேண்டிய முறை

"சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நிற்கும்போதா ஓடும்போதா, இடப்புறமா வலப்புறமா, காலியாகவா லோடோடா, எத்தனை நாளாக என்ற நான்கையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். எந்தச் சாமானை மாற்றச் சொன்னாலும், அதில் உள்ள ஆட்டத்தைக் கழற்றுமுன் கையால் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டை ராடு எண்டு மாற்றினால் இரண்டு காரியங்கள் கட்டாயம். நட்டில் பிளவு பின் போடும் வகையானால் பழைய பின்னை மறுபடி போடக் கூடாது. அடுத்து வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புது டயர்கூடச் சில மாதத்தில் ஓரம் தேய்ந்துவிடும். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். வண்டி எண் போட்ட பில்லும் வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் சரக்கு வாகனப் பழுதுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க வழி உண்டு. இதைத் தங்கள் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளவும்.

டிரைவருக்குச் சொல்ல வேண்டியவை

ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பி அப்படியே அழுத்திப் பிடித்திருந்தால் ஆயில் பம்ப் சூடேறிக் கெடும். சில விநாடிக்கு மேல் கூடாது. லோடோடு நிற்கும் வண்டியில் சக்கரத்தை நின்ற இடத்திலேயே முறுக்காமல், சற்று நகர்த்திக்கொண்டே திருப்ப வேண்டும். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்து இறங்குவது மிகப் பெரிய ஆபத்து. ஸ்டியரிங்கின் உதவியும் பிரேக்கின் உதவியும் போய்விடும். சாவியைத் தவறித் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். கிரீஸ் நிப்பிள் உள்ள வண்டிகளில் கையேட்டில் சொன்ன காலத்துக்குள் கிரீஸ் அடித்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. வண்டியின் சத்தத்தை முதலில் கேட்பவர் முதலாளி அல்ல, டிரைவர்தான். எங்கள் டிரைவர் இரண்டு முறை சொன்னார். நாங்கள் பண்டிகை வியாபாரத்தைக் காரணம் காட்டி இரண்டு முறையும் கேட்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் கிடைத்த லாபத்தைவிட ரேக்குக்கும், சாக்கடையில் நனைந்த மூட்டைகளுக்கும், வண்டியில்லாமல் கழிந்த நாட்களுக்கும் கொடுத்தது அதிகம். உயிர்ச்சேதம் இல்லாமல் போனது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல.

இப்போது எங்கள் கடையில் வண்டிச் சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டுத் தொங்குகிறது. சாவியைத் திருப்பி மாட்டும்போது வண்டியில் புதிதாக என்ன கேட்டது, எப்போது கேட்டது என்று டிரைவர் ஒரு வரி எழுதிவிடுவார். இரவு கணக்கு முடிக்கும்போது நாங்கள் அதைப் படித்துக் கையெழுத்திடுகிறோம். "ஸ்டியரிங்" என்ற வார்த்தை அதில் இருந்தால், மறுநாள் காலை வண்டி மண்டிக்குப் போகாது, பட்டறைக்குத்தான் போகும். வணிக நண்பர்களும் தங்கள் கடையில் இன்றே அப்படி ஒரு நோட்டை மாட்டிவைக்க வேண்டுகிறோம்.